பலம் விற்கும் சந்தை

சீனத்து அங்காடிகள் – 9

சீனப் பெருநகரங்களில் இன்று புரதத் தூளும் புரதக் கட்டிகளும் தாது உப்புக் கலந்த பானங்களும் விற்பனையாகும் வேகத்தைப் பார்த்துவிட்டு, இது மேல்நாட்டு நாகரிகத்தின் அனுகரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. தேகத்தைப் பேணிப் பலம் தேட வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் நேற்று முளைத்ததன்று; அதையே தேசத்தின் தலையாய காரியமாகக் கருதிய தலைமுறைகள் அங்கே வாழ்ந்து மறைந்திருக்கின்றன. இந்தத் தலைமுறையில் புதிதாகத் தோன்றியிருப்பவர், தாம் காசு கொடுத்து வாங்கும் டப்பாவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று நின்று கேட்கும் வாடிக்கையாளர். அவர் எப்படித் தோன்றினார் என்பதைத்தான் இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

1917ஆம் ஆண்டில், ‘புதிய இளைஞன்’ என்னும் சஞ்சிகையில், தேகப்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் தம் பெயரைப் போடாமல், அதைச் சீன லிபியில் எழுதுவதற்கு எத்தனை கோடுகள் வேண்டுமோ அந்தக் கணக்கை வைத்து, ‘28 கோட்டு மாணவன்’ என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார். நாட்டின் வலிமை குன்றிவிட்டதையும் ஜனங்களின் தேகநிலை நாளுக்கு நாள் சீர்கெட்டு வருவதையும் எண்ணி மனம் நொந்து அக்கட்டுரையைத் தொடங்கிய அந்த 23 வயது வாலிபர்தாம், பின்னாளில் அந்நாட்டையே ஆண்ட மா சே துங். அவருடைய ஆட்சி ஏற்பட்ட பிறகு, 1951ஆம் ஆண்டு நவம்பரில் வானொலித் தேகப்பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒலிபெருக்கியில் இசையும் எண்ணிக்கையும் எழ, பள்ளி மைதானங்களிலும் ஆலை முற்றங்களிலும் லட்சோபலட்சம் பேர் ஒரே சமயத்தில் கையை உயர்த்தி, இடுப்பை வளைத்து, மூச்சை இழுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு சாமானும் வேண்டியிருக்கவில்லை. அதை வைத்து யாரும் எதையும் விற்கவுமில்லை. தேகம் தேசத்தின் உடைமையாக இருந்த காலம் அது.

வியாபாரம் உள்ளே புகுந்தது லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 1984ஆம் ஆண்டில் எனலாம். அங்கே ஜிம்னாஸ்டிக்ஸில் லி நிங் என்ற இளைஞர் மூன்று தங்கம் உட்பட ஆறு பதக்கங்களை வென்றார். சீன வீரர்கள் கூடவே எடுத்துச் சென்ற ‘ஜியான்லிபாவ்’ என்ற குவாங்டோங் மாகாணத்துப் பானத்தை ஜப்பானியப் பத்திரிகை ஒன்று மந்திர நீர் என்று வர்ணிக்க, அது நாடெங்கும் பிரசித்தி அடைந்தது. வெற்றி பெற்றவன் குடித்ததை நாமும் குடித்தால் அவன் பலத்தில் ஒரு பங்கு நமக்கும் வரும் என்ற ஆசை அன்று முதல் விற்பனைச் சரக்காயிற்று.

அந்த ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு 1993ஆம் ஆண்டு ஓர் உதாரணம். அவ்வருஷம் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த உலகப் போட்டிகளில், மா ஜுன்ரென் என்ற பயிற்சியாளரின் சிஷ்யைகள் 1,500, 3,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் தங்கம் வென்றார்கள். அடுத்த மாதமே பெய்ஜிங்கில், அவர்களுள் ஒருவரான வாங் ஜுன்சியா 10,000 மீட்டர் உலக சாதனையை ஏறக்குறைய 42 விநாடி குறைத்து ஓடி உலகத்தைத் திகைக்கவைத்தார். இதற்கெல்லாம் காரணம் ஆமை ரத்தமும், புழுவின் உடலில் முளைக்கும் ஒருவகை மலைக்காளானும், கடும்பயிற்சியுமே என்று பயிற்சியாளர் சொன்னார். அவர் பெயரில் சத்துப் பானங்கள் விற்றன. 2000ஆம் ஆண்டில், சிட்னி ஒலிம்பிக்குக்குப் புறப்படும் தறுவாயில், ஊக்கமருந்துப் பரிசோதனையின் விளைவாகச் சீனக் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்களில் அவருடைய வீராங்கனைகளும் இருந்தார்கள். நம்பி வாங்கிக் குடித்த சாமானிய ஜனங்களுக்கு யாரும் சமாதானம் சொல்லவில்லை.

இனி இன்றைய சந்தையின் மூலப்பொருளுக்கு வருவோம். ஜிம்முக்குப் போகும் இளைஞர் வாங்கும் டப்பாவில் பெரும்பாலும் இருப்பது வே புரதம். பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சுகிற வெளிறிய நீரை வடிகட்டி, உலர்த்தி, தூளாக்கினால் கிடைப்பது அது. ஆகவே பாலாடைக்கட்டி தின்னும் தேசங்களில்தான் வே மலிந்து கிடக்கும். சீனச் சமையலிலோ பாலாடைக்கட்டிக்கு இடம் மிகக் குறைவு. அங்குள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதும் இல்லை. எனவே அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வே கப்பலேறி வரவேண்டியிருக்கிறது. அப்படி வருவதில் பெரும்பங்கு மனிதருக்கன்று, பன்றிக்குட்டிகளின் தீவனத்துக்குப் போகிறது. 2018இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி மந்தைகள் மடிந்தபோது வே இறக்குமதியும் கூடவே சரிந்தது. கிரியேட்டின் விஷயத்தில் நிலைமை நேர்மாறு: உலகமெங்கும் பயில்வான்கள் நீரில் கரைத்துக் குடிக்கும் அந்த வெண்தூளில் பெரும்பகுதி சீனத்து ரசாயன ஆலைகளில்தான் உற்பத்தியாகிறது. ஷாண்டோங் மாகாணத்தில் சோள எண்ணெய் வியாபாரம் செய்துவந்த ஷிவாங் என்ற கம்பெனி, 2016ஆம் ஆண்டில் கனடாவின் அயோவேட் கம்பெனியை வாங்கி, அதன்மூலம் ‘மசில்டெக்’ என்ற புகழ்பெற்ற புரதத் தூளுக்கு உடைமைக்காரராயிற்று. உள்நாட்டுச் சரக்குக்கு அந்நியப் பெயர் இருந்தால் விலைபோகும் என்பதை அந்தக் கம்பெனி அறிந்திருந்தது. ஏன் விலைபோகும் என்பதற்குக் காரணம் 2008ஆம் ஆண்டில் இருக்கிறது.

அக்காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பாலில் புரதம் எவ்வளவு என்று கண்டறிய உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட முறை, கோபன்ஹேகனில் ஒரு மதுபான ஆலையின் ஆராய்ச்சிசாலையில், கெல்டால் என்ற ரசாயன சாஸ்திரி 1883இல் கண்டுபிடித்தது. அம்முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு நைட்ரஜன் இருப்பதால், பண்டத்தை அமிலத்தில் இட்டுக் காய்ச்சி, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிப் புரதத்தின் அளவை ஊகித்துக்கொள்வதுதான் அதன் உபாயம். நேர்மையாகக் கறந்த பாலுக்கு அந்தக் கணக்குப் போதும். பாலில் தண்ணீரைக் கலந்து அளவைப் பெருக்கிக்கொண்ட தரகர்களுக்கோ, குறைந்துபோன நைட்ரஜனை ஈடுசெய்ய ஒரு வஸ்து வேண்டியிருந்தது. அதற்கு அகப்பட்டதுதான், தட்டுகளும் மேஜைப் பலகைகளும் செய்வதற்கான பிசினில் பயன்படும் மெலமைன். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பரிசோதகரின் குடுவையில் அது உயர்ந்த ரகப் புரதமாகவே தோன்றிற்று. குழந்தையின் சிறுநீரகத்தில் போய் அது கல்லாகப் படிந்தது.

பெய்ஜிங் ஒலிம்பிக் விழா முடிந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை; 2008 செப்டம்பரில், ஷிஜியாஜுவாங் நகரைச் சேர்ந்த சான்லு கம்பெனியின் குழந்தைப் பால்மாவு நஞ்சு என்பது அம்பலமாயிற்று. தொடர்ந்து வேறு பல கம்பெனிகளின் பால்மாவிலும் மெலமைன் இருப்பது வெளியாயிற்று. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்ததாகச் சர்க்கார் கணக்கு. இருவருக்கு மரண தண்டனை, சான்லு தலைவிக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்புகள் ஆயின. ஆனால் தன் கையாலேயே தன் குழந்தைக்குப் புட்டியில் நஞ்சைக் கரைத்துக் கொடுத்த தாயின் நெஞ்சை எந்த நீதிமன்றம் ஆற்ற முடியும்? இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

அந்த வருஷத்துக்குப் பிறகு, சீனத்துப் பெற்றோர் ஹாங்காங் கடைகளில் குவிந்து பால்மாவை வாரிச் செல்லத் தொடங்கினர். உள்ளூர்க் குழந்தைகளுக்குக்கூடக் கிடைக்காமற் போகவே, 2013 மார்ச் முதல், வெளியேறும் ஒருவர் 1.8 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு டப்பாவுக்கு மேல், எடுத்துச் செல்லக் கூடாதென்று ஹாங்காங் அரசு சட்டம் போட்டது. புரதத் தூளின் சந்தை வளர்ந்தது இந்த மனநிலையின் மீதுதான். தூள் வியாபாரத்திலும் அதே நைட்ரஜன் தந்திரத்துக்கு இடமுண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைத் தூவி, புரத அளவைக் காகிதத்தில் உயர்த்திக் காட்டும் வழக்கம் பல தேசங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவேதான் சீனத்து இளைஞர், இணையக் கடையில் அந்நியச் சரக்கைத் தருவிக்கும்போதும், டப்பாவின் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். உயரமான கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் படத்தைப் போட்டுப் பை-ஹெல்த் என்ற உள்நாட்டுக் கம்பெனி பெரிதாக வளர்ந்ததும், அவர் முகத்தில் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையை நாடித்தான் என்று நினைக்கிறேன்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டில் விளையாட்டுப் போஷாக்கு உணவுகளுக்கென்றே ஒரு தேசியத் தர நிர்ணயத்தை வெளியிட்டது. யாருக்காக இந்த உணவு என்பதையும் அது வரையறுத்தது: வாரம் மூன்று தடவைக்குக் குறையாமல், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், நடுத்தர அளவு கடுமையோடாவது பயிற்சி செய்கிறவருக்காக. இந்த வரையறை மிகவும் நேர்மையானது. ஆனால் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் அடங்குவார்கள்?

இந்தக் கேள்வியை 2022ஆம் ஆண்டின் வசந்த காலம் மேலும் கூர்மையாக்கிற்று. கொரோனாவுக்காக ஷாங்காய் நகரம் முழுவதும் அடைத்துப் பூட்டப்பட்டு, காய்கறிக்கே ஜனங்கள் தவித்த ஏப்ரல் மாதத்தில், தைவானைச் சேர்ந்த பாடகர் லியூ கெங்ஹோங், அந்நகரத்தில் தம் வீட்டுக் கூடத்தில் மனைவியோடு நின்றுகொண்டு, கைபேசி முன்னால் துள்ளிக் குதித்துப் பயிற்சி காட்டினார். பின்னணியில் ஒலித்த பாட்டு, மிங் காலத்து வைத்தியர் லி ஷிஜெனின் மகத்தான மூலிகை நூலின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. பாடியவர் லியூவின் நண்பர் ஜே சௌ. மார்புத் தசை அதிகம் தெரிகிறதென்று ஒளிபரப்பு இடையிடையே நிறுத்தப்படவே, தம்பதியர் இருவரும் குளிர்காலத்துத் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்வை ஆறாகப் பெருகப் பெருகக் குதித்தனர். சில வாரங்களில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 5 கோடிக்கு மேல். வானொலிப் பயிற்சியின் காலத்தைப் போலவே மீண்டும் லட்சோபலட்சம் பேர் ஒரே தாளத்துக்குக் கை உயர்த்தினார்கள். இம்முறை அவரவர் அறையில், அவரவர் விருப்பத்தால், அவரவர் உடலுக்காக. இவர்களில் கணிசமானோர் பெண்கள். ஜிம்மின் இரும்பை அறியாத இவர்களை நோக்கித்தான், வேகவைத்துப் பொட்டலமிட்ட கோழி மார்பிறைச்சியும், ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பதிலான தூளும், முத்துத் தேநீர்ச் சுவையேற்றிய புரத பானமும் இன்று அணிவகுத்து வருகின்றன.

வரவேற்கத்தக்க மாறுதல்தான் இது. 2020 டிசம்பரில் வெளியான சர்க்கார் அறிக்கையின்படி அந்நாட்டுப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் அல்லவா? ஆயினும் என் கவலை தீர்ந்தபாடில்லை. அதே 2020இல், ஹூனான் மாகாணத்து யோங்சிங் வட்டாரத்தில், பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு விசேஷப் பால்மாவு என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்றது, சட்டப்படி வெறும் ‘திடப் பானம்’, அதாவது கரைத்துக் குடிக்கும் சாதாரணத் தூள். அதை உண்ட குழந்தைகள் போஷாக்கின்றி மெலிந்தன. விளையாட்டுப் போஷாக்கு உணவுக்குள்ள கண்டிப்பான தரம் இந்தத் திடப் பானத்துக்குக் கிடையாது. எனினும் தசைப் படம் போட்ட டப்பாக்கள் பல இந்தப் பெயரிலேயே அலமாரியில் நிற்கின்றன.

ஓர் அவித்த முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஒரு கரண்டி வே தூளில் 20 முதல் 25 கிராம். நான்கு முட்டையின் காரியத்தை ஒரு கரண்டி செய்கிறது என்பது மெய்யே. சமையலறை இல்லாத வாடகை அறையில் தங்கி, இரவு ஒன்பது மணிக்கு வேலைமுடிந்து வரும் இளைஞருக்கு அது பெரிய உபகாரம், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நூற்றாண்டுகளாகச் சோயாவை அரைத்துப் பாலாக்கி, உறையவைத்து டோஃபுவாக்கித் தினமும் உண்டுவந்த ஒரு ஜனசமூகத்தில், தாத்தாவும் பாட்டியும்கூட, பிள்ளை வாங்கிக் கொடுத்த அழகான பெட்டியைத் திறந்து, டோஃபுவை ஒதுக்கிவிட்டுத் தூளைக் கரைத்துக் குடிப்பதைச் சந்தையின் வளர்ச்சி என்று மட்டும் எண்ணி மகிழ என்னால் இயலவில்லை. 2024இல் எடைக் கட்டுப்பாட்டுக்கென்று மூன்றாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கியிருக்கும் சர்க்கார், திடப் பானங்களையும் அந்தக் கண்டிப்பான தரத்துக்குள் கொண்டுவர வேண்டும். புரதத்தை நைட்ரஜனால் ஊகிப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் அமினோ அமிலமாகப் பிரித்தளந்த கணக்கைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும். அதற்கான கருவிகள் அந்நாட்டு ஆராய்ச்சிசாலைகளில் இருக்கின்றன.

லாரி ஓட்டுநர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கண்விழிப்பதற்காகக் குடிக்கத் தொடங்கி, இன்று மாரத்தான் ஓடுகிறவர் கைக்கும் வந்துவிட்ட பானங்களின் கதை இன்னொரு தனிக்கதை. 2022 டிசம்பரில் நோய்த்தொற்று நாடெங்கும் பரவியபோது, மருந்துக் கடைகளோடு சேர்ந்து தாது உப்பு நீரின் அலமாரிகளும் சில நாட்களில் எப்படிக் காலியாயின என்பதிலிருந்து அதை அடுத்த வாரம் தொடங்குவோம்.