அரசி கட்டிய சிறு கோயில்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் வாசலின் இரு பக்கமும் எட்டுச் சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் அவற்றை நின்று பார்ப்பதில்லை. நேரே உள்ளே போய்விடுகிறார்கள். அந்த எட்டில் ஒன்றைக் கட்டியவள் பல்லவ அரசி ரங்கபதாகை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கோயிலை எழுப்பிய ராஜசிம்மனின் தேவி அவள். சிவனுக்கு மலைமகள் போலத் தன் கணவனுக்கு உகந்தவள் என்று கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டு அவளைப் புகழ்கிறது. இந்தச் சிறு கோயிலை எழுப்பியவள் அவளே என்றும் சொல்கிறது. காதலுக்கு உரியவள், கட்டடத்துக்கு உரியவள் என்ற இரண்டு பெருமையும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இதை மனத்தில் கொண்டு உள்ளே போனால் சிற்பங்கள் வேறு விதமாகப் பேசும். ராஜசிம்மன் காலத்துச் சிற்பிகள் சோமாஸ்கந்தரைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள். சிவனும் உமையும் ஒரே ஆசனத்தில், நடுவே குழந்தை முருகன். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னாலேயே இந்தக் குடும்பத்தை வைத்தார்கள். திருச்சுற்று மாடங்கள் சிலவற்றில் இதே காட்சியை ஓவியமாகவும் தீட்டினார்கள். அந்த வண்ணத்தின் மிச்சம் இன்றும் தெரிகிறது. இன்னொரு சிற்பத்தில் காளைமேல் அமர்ந்த அர்த்தநாரி. வலப்பாதி ஆண், இடப்பாதி பெண், குறுக்கே ஒரு வீணை. அந்த உடலில் எந்தப் பாதியும் மற்றதற்குத் துணைப்பாத்திரம் இல்லை.

இதே ஊரிலுள்ள ஏகாம்பரநாதர் கோயில் மரபோ இன்னும் துணிச்சலானது. கம்பை ஆறு பெருகி வந்தபோது, தான் மணலில் பிடித்த லிங்கத்தைக் காமாட்சி மார்போடு அணைத்துக் காத்தாள், இறைவன் குழைந்தான். இங்கே அன்பில் முந்துவது பெண். தூண்களில் சிற்பிகள் விரும்பிச் செதுக்கியதும் அந்தத் தழுவலைத்தான். விஜயநகர காலத்தில் எழுந்த வரதராஜப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் இடம் கிடைத்தது. கோயிலில் காதலைக் காட்ட இந்த ஊர் கூசியதே இல்லை.

கோயிலைப் போலவே இந்த ஊரின் அடையாளம் பட்டு. பக்கத்திலுள்ள முசரவாக்கம் கிராமத்திலிருந்து காஞ்சித் தெருக்கள்வரை அதன் பெயர் தெரியாதவர் இல்லை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டிலும் அன்னம், மயில் சக்கரம், இருதலைப்பட்சி என்று கோயில் உருவங்களே ஓடுகின்றன. கரையை வேறு நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். பழைய தறியில் அது ஒருவரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருபவள் பல வீடுகளில் மனைவி அல்லது மகள். நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவதும் அவள்தான். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கில் முடிகிறது. அதற்குள் அவள் பங்கு தனியாகத் தெரிவதில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசிக்குக் கிடைத்த பெயர்ப்பொறிப்பு செல்வாக்கால் வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் செய்தவள் பெயரைச் செய்த பொருளோடு சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை இந்த ஊர் அப்போதே அறிந்திருந்தது. சேலையோடு வரும் சீட்டில் நெசவாளர் பெயரை அச்சிடுவதானால், கரை நாடா தள்ளியவளின் பெயரும் அதில் இருக்கட்டும்.