ஒரே படம் இரண்டு கணினியில் இரண்டு நிறமாகத் தெரிவது ஏன்?

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணுக்கு அரக்குச் சேலை. எடிட் செய்த கணினியில் அரக்காகவே இருந்தது, வீட்டு லேப்டாப்பில் கண்ணைக் குத்தும் சிவப்பாகிவிட்டது. படத்தை யாரும் தொடவில்லை. பிறகு எப்படி?

படக் கோப்புக்குள் நிறம் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன: சிவப்பு 150, பச்சை 30, நீலம் 40 என்பதுபோல. சமையல் குறிப்பில் ‘ஒரு டம்ளர் அரிசி’ என்றிருந்தால், உங்கள் வீட்டு டம்ளரும் பக்கத்து வீட்டு டம்ளரும் ஒரே அளவாகவா இருக்கும்? திரைகளும் அப்படித்தான். 150 என்றதும் ஒரு திரை கொஞ்சம் சிவப்பு ஊற்றும், இன்னொன்று தாராளமாக ஊற்றும்.

டம்ளரின் கொள்ளளவைச் சொல்லும் சீட்டுதான் ‘கலர் புரொஃபைல்’. அதைப் படித்து எண்களைத் திருத்துவது யார்?

ஆபரேட்டிங் சிஸ்டம் முக்கியமாவது இங்கேதான். ஆப்பிள் 1993-லேயே ‘கலர்சிங்க்’ ஏற்பாட்டை மேக்கில் கொண்டுவந்தது. அங்கே பெரும்பாலும் கணினியே திருத்திவிடும். விண்டோஸ் அந்த வேலையைப் பெரும்பாலும் மென்பொருளிடம் விட்டுவிடுகிறது: போட்டோஷாப் ஒழுங்காகச் செய்யும், சில வியூவர்கள் செய்யாது. லினக்ஸுக்குப் போட்டோஷாப் வெளியாகவில்லை. ஆனால் புரொஃபைலைப் படிக்கத் தெரிந்த டார்க்டேபிளும் கிம்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மேக் வாங்கப் பணம் போதவில்லையா? கவலை வேண்டாம். இருக்கும் விண்டோஸ் கணினியோடு, திரையின் நிறத்தை அளக்கும் காலிபிரேட்டர் ஒன்றை முதலில் வாங்குங்கள்.