கடலாடும் நீரும் நுண்ணுயிர்ச் சோதனையும்

ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செலுத்திக் கடலாடுதல் நம்மவரின் தொன்றுதொட்ட வழக்கமாகும். வன்னிப் பெருநிலத்தின் கீழ்க்கரையிலுள்ளார்க்கு முல்லைத்தீவுக் கடல் அண்மையது. ஆயின், கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் தூயநீரன்று. மலக்கழிவோடு கலந்துவரும் கிருமிகள் வயிற்றோட்டம் முதலிய பிணிகளை விளைப்பன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடுதல் அரிதாதலின், குடலில் வாழும் சில பற்றீரியாக்களைச் சுட்டிகளாகக் கொள்வர். ஈ. கோலி என்பது நன்னீர்க்கு ஏற்ற சுட்டி. உவர்நீரில் அது விரைந்து மடியும். உப்பைத் தாங்கும் எண்டரோகொக்கசே கடல்நீர்க்குச் சிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வகுத்த நெறியின்படி, மாதிரிகளுள் 95 விழுக்காட்டில் 100 மில்லிலீற்றருக்கு 40க்கு மேற்படாத நீர் முதற்றரமானது.

இதனைக் கணிக்கும் முறைகள் நான்கு. முதலாவது பல்குழாய் முறை. நீரைப் பல அளவுகளில் ஊட்டக் கரைசலிட்ட குழாய்களிற் சேர்த்து, வளர்ச்சி கண்ட குழாய்களின் தொகையிலிருந்து அட்டவணை கொண்டு எண்ணிக்கையை மதிப்பிடுவர். கலங்கல் நீர்க்கும் இது பொருந்தும். எனினும் உறுதி செய்ய இரண்டு முதல் நான்கு நாட்கள் செல்லும். இரண்டாவது மென்சவ்வு வடிகட்டல். 0.45 மைக்கிரோமீற்றர் துளையுள்ள சவ்வில் தங்கிய பற்றீரியா, தக்க ஊடகத்தில் 41 பாகை செல்சியசில் 24 மணி நேரத்தில் நீல வளையமுடைய புள்ளிகளாகப் பெருகும். அவற்றை நேரே எண்ணலாம். ஆயின் சேறும் பாசியும் சவ்வை அடைத்துவிடும். மூன்றாவது, ஆயத்தப் பொடியை நீரிற் கலந்து, புறவூதா ஒளியில் மிளிரும் குழிகளை எண்ணும் முறை. இதுவும் 24 மணி நேரம் கொள்ளும். செய்கை எளிது, பொடியின் விலையோ மிகுதி. நான்காவது பி.சி.ஆர். எனும் மரபணுப் பெருக்க முறை. சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் இறந்த பற்றீரியாவையும் சேர்த்தெண்ணும். கருவியும் பயிற்சியும் பெருஞ் செலவின.

இவற்றுள் நமக்கு ஏற்றது யாது? மாரியில் வட்டுவாகல் வாய் திறந்து நந்திக்கடலின் கலங்கல் கடலிற் சேருங்காலத்துப் பல்குழாய் முறையோ பொடி முறையோ தக்கது. ஆடி மாதத்துத் தெளிநீர்க்கு வடிகட்டல் போதும். எம்முறையாயினும் மாதிரியைக் குளிரூட்டி ஆறு மணி நேரத்துள் ஆய்வுகூடஞ் சேர்த்தல் வேண்டும். யாழ்ப்பாணமோ நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. ஆகவே மாவட்டத்திலேயே ஓர் ஆய்வுமேசை அமைதல் நன்று.

நீராடிய மறுநாள் வரும் முடிவு நீராடியவரைக் காவாது. எனவே, திருநாளுக்கு முன்னைய வாரங்களிலேயே பன்முறை சோதித்து, விளைவைக் கரையில் அறிவித்தலே அறிவுடைமையாம். முன்னோர்க்குக் கடனாற்றுவோர் பின்னோரின் நலனையும் பேணுதல் வேண்டுமன்றோ!