உணவும் அதன் வழிவரலாறும்

உண்பவர் தம் உணவைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும் என்பது புதிய கொள்கை அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலத்தில் அவ்வறிவு தேடாமலே கிடைத்தது. கத்தரிக்காய் எத்தோட்டத்தில் விளைந்தது, நல்லெண்ணெய் எச்செக்கில் ஆட்டப்பெற்றது, மீன் எக்கரையில் ஏறியது என்பனவற்றை வாங்குவோர் பெரும்பாலும் அறிந்திருந்தனர். விற்பவரும் அயலவரே, பொருள் பழுதாயின் மறுநாள் அவரையே நேரிற் கேட்டுவிடலாம். பொருளும் அதனைப் பற்றிய செய்தியும் ஒரே கையினால் வந்து சேர்ந்தன.

இன்று அந்நிலை இல்லை. தோட்டக்காரர், சந்தைத் தரகர், லொறிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எனப் பல கைகளைக் கடந்தே உணவு அடுக்களையை அடைகின்றது. இத்தொடரை வழங்கற்சங்கிலி என்பர். சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ பல தோட்டங்களின் காய்கறி ஒரே சாக்கில் அடைபடும்போது, ஒவ்வொன்றும் பிறந்த இடம் மறைந்துவிடுகின்றது. பொருள் முன்னே செல்கின்றது; செய்தி பின்னே நின்றுவிடுகின்றது. உணவுப் பாதுகாப்பின் பெருங்குறை இவ்விடைவெளியிலேயே உளது.

இக்குறை விளைக்கும் கேட்டையும், அது நீங்கும் வழியையும் காட்டுதற்கு ஜேர்மனியில் 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று சாலப் பொருந்தும். அவ்வாண்டு மே மாதத்தில் வடஜேர்மனியிலே கடும் வயிற்றோட்ட நோய் பரவிற்று. ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றனர். ஐம்பதின் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பானிய நாட்டு வெள்ளரிக்காயே காரணம் என அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். அஃது உண்மை அன்று. எனினும், அவ்வறிவிப்பால் ஐரோப்பாவெங்கும் காய்கறி தேங்கி அழிந்தது. விளைவித்தோருக்கென ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்க நேர்ந்தது.

உண்மை பின்னர் எவ்வாறு வெளிப்பட்டது? நோயுற்றோர் உண்ட விடுதிகள் யாவை, அவ்விடுதிகளுக்குப் பொருள் கொடுத்தோர் யாவர், கொடுத்தோர் எங்கிருந்து பெற்றனர் என்று கணக்கேடுகளை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஆராய்ந்தனர். நோய் கண்ட 41 கூட்டங்களின் தடங்களும் முளைப்பயறு வகைகளை விற்ற ஒரே பண்ணையிற் சென்று கூடின. அதே காலத்தில் பிரான்சின் போர்தோ நகரருகே தோன்றிய நோயின் தடத்தையும் இதனோடு ஒப்பிட்டபோது, எகிப்திலிருந்து 2009 இல் வந்த ஒரு தொகுதி வெந்தயமே இரண்டிற்கும் பொதுவாய் நின்றது. இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வெந்தய விதைகளைச் சோதித்தபோது நோய்க்கிருமி அகப்படவில்லை. ஆய்வுகூடம் காட்டாததைக் கணக்கேடு காட்டிற்று.

இத்தகைய தேடலுக்கு அடிப்படையான விதி மிக எளியது. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும், தாம் யாரிடமிருந்து பெற்றார், யாருக்குக் கொடுத்தார் என்ற இரண்டினையும் எழுதி வைத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் இயற்றிய உணவுச் சட்டத்தின் இவ்விதி 2005 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சங்கிலி முழுவதையும் எவரும் தனித்து அறிய வேண்டியதில்லை. தமக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு கண்ணியை அறிந்தாற் போதும். எல்லோரும் எழுதினால் சங்கிலி தானே இணையும். இடையில் ஒருவர் எழுதாதொழியின் தடம் அவரோடு அறும்.

எனினும், அறிந்ததை எழுதி வைத்தல் ஒரு பாதியே. அதனை உண்பவருக்கு உரிய காலத்தில் தெரிவித்தல் மறுபாதி. நமது நாட்டில் 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளையில், இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃப்லடொக்சின் என்னும் நச்சுப்பொருள் இருப்பது சோதனையில் தெரியவந்தது. ஒருவகைப் பூஞ்சணத்தினால் உண்டாகும் இந்நஞ்சு ஈரற் புற்றுநோயை விளைக்க வல்லது. அவ்வெண்ணெய் சந்தைக்கு விடப்படவில்லை என்றனர் அதிகாரிகள். விடப்பட்டுவிட்டது என்றனர் உள்ளூர் எண்ணெய் உற்பத்தியாளர். கடையில் நின்ற இல்லத்தரசி எதனை நம்புவார்? எப்போத்தல் நன்று, எப்போத்தல் தீது என்பது தெரியாதவிடத்து எல்லாப் போத்தலும் ஐயத்திற்குரியதாகும். அவ்வையத்தின் நட்டம் குற்றம் செய்தவரினும் செய்யாதவரையே பெரிதும் வருத்தும். ஆதலின், செய்தியை வெளிப்படுத்துதல் வாணிகத்திற்குப் பகை அன்று. நேர்மையான வணிகருக்கு அதுவே காவல்.

நமது குடாநாட்டுக்கு இவ்வுண்மை இன்னும் அணித்தானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கில்லை. சுண்ணக்கற்பாறையில் தேங்கும் மழைநீரே குடிநீர், அதுவே தோட்டத்து நீர். ஆகவே இங்கு உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி கிணறு. சுன்னாகத்து மின்னிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருத்தல் கண்டு மக்கள் முறையிட்டனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013–2014 ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளை ஆராய்ந்து, 109 இல் எண்ணெய் மாசு அளவிறந்து இருப்பதாகக் கண்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ தீங்கு தரும் மாசு இல்லை என்னும் கருத்துப்பட அறிக்கை தந்தது. இரு கூற்றுக்கும் இடையே மக்கள் தத்தளித்தனர். உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரல் 4 ஆம் நாள் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. தீர்ப்பு நன்றே, ஆயினும் அதுவரை அவ்வூர்த் தாய்மார் நாள்தோறும் உலை வைக்குமுன் கேட்ட வினா, இந்நீரைக் குடிக்கலாமா என்ற ஒன்றே. ஆய்ந்த நீர் எக்கிணற்றது, எம்முறையால் ஆய்ந்தனர், எவ்வளவு கண்டனர் என்பன தொடக்கத்திலேயே எல்லோர் முன்னும் வைக்கப்பெற்றிருப்பின், முரண்பட்ட அறிக்கைகளை அறிந்தோர் ஒப்புநோக்கித் தெளிவு கூறியிருத்தல் கூடும்.

இதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தீய உணவை விற்றலைத் தடுக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகத்திலுள்ள சோதனை முடிவைக் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகின்றது. கேட்போர் இருந்தாலன்றி இவை ஏட்டளவில் நிற்கும்.

நாம் செய்யத்தக்கன பெருஞ்செலவுடையன அல்ல. சந்தைக்கு வரும் ஒவ்வொரு சாக்கிலும் தோட்டக்காரர் பெயர், ஊர், பறித்த நாள், இறுதியாக மருந்து அடித்த நாள் ஆகிய நான்கினையும் எழுதிய துண்டொன்றைக் கட்டலாம். கூட்டுறவுச் சங்கங்கள் அத்துண்டுகளைப் பேணி வைக்கலாம். கல்லூரிகளின் விஞ்ஞானக் கழக மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவுகளைத் திரட்டி, நாளும் இடமும் குறித்து, வாசிகசாலைப் பலகையில் எழுதி வைக்கலாம். அயலவர் முகம் பார்த்து வாங்கிய காலம் மீளாது. அம்முகம் தந்த உறுதியை இனி எழுத்தே தரவேண்டும். அவ்வெழுத்து எவர் கண்ணுக்கும் மறையாது நிற்றல் வேண்டும்.