பிசிக்குள் தண்ணீரா? லிக்விட் கூலிங் யாருக்குத் தேவை, எங்கே கவனம் தேவை?

கேம் ஓப்பன் செய்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கேபினட் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்துவிடும். வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்பவர்களுக்கும் இதே கதைதான். "பேசாம லிக்விட் கூலிங் போட்டுடலாமா?" என்ற யோசனை அப்போதுதான் வரும். பல மாத சேமிப்பில் வாங்கிய பிசிக்குள் தண்ணீரை விடுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர் என்ன செய்கிறது?

இன்டெல் கோர் ஐ9-14900கே ப்ராசஸர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் மூன்று ஓடுகிற கரன்ட் அது. அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ப்ராசஸர் மேல் உட்காரும் செம்பு பிளாக் அந்த வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும். பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன் காற்று வெப்பத்தை வெளியேற்றும். பைக், கார் ரேடியேட்டரில் நடப்பதும் இதுதான்.

ஆனால், இது ஃப்ரிட்ஜ் கிடையாது. வெப்பத்தை இடம் மாற்றும், அவ்வளவுதான். மே மாத சென்னையில் ஏசி இல்லாத அறை 36 டிகிரியில் இருந்தால், கூலண்ட்டும் அதற்குக் கீழே இறங்காது. அறையின் புழுக்கமும் குறையாது.

ஏஐஓவா, கஸ்டம் லூப்பா?

'ஏஐஓ' என்பது பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் சீல் செய்யப்பட்டு வரும் ரெடிமேட் செட். ஸ்க்ரூ முடுக்கினால் போதும். 240, 360 மி.மீ. ரேடியேட்டர் அளவுகளில் கிடைக்கும். கேபினட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்க. பிளாக்கின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரிக்க மறப்பது பலரும் செய்யும் தப்பு.

'கஸ்டம் லூப்' என்றால் பிளாக், பம்ப், ரிசர்வாயர், டியூப், ஃபிட்டிங் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது. கிராபிக்ஸ் கார்டையும் இதே லூப்பில் சேர்க்கலாம். முதல் முறை செய்பவர்களுக்கு வளையும் சாஃப்ட் டியூப்தான் வசதி. செம்பு பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். விலை குறைவு என்று கலந்து வாங்காதீங்க.

ஒரு சொட்டு கசிந்தால்?

"டிஸ்டில்டு வாட்டர்ல கரன்ட் பாயாது, பயப்படாதே" என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. லூப்பில் சுற்றும்போது உலோகத் துகளும், போர்டில் விழும்போது தூசியும் கலந்துவிடும். அதன்பின் அது கரன்ட்டைக் கடத்தும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அதனால் லீக் டெஸ்ட் கட்டாயம். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எதற்கும் பவர் போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்-ஸின் 24 பின் கனெக்டரில் ஜம்பர் பிளக் மாட்டி, பம்ப்பை மட்டும் ஓட விடுங்க. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்தால், ஈரம் உடனே தெரியும். ரிசர்வாயர் காலியாகும் முன் பம்ப்பை நிறுத்தி மறுபடி ஊற்றுங்க. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் போய்விடும். 24 மணி நேரம் சொட்டு ஈரம் இல்லை என்றால்தான் மற்ற கேபிள்களைத் தொட வேண்டும்.

யாருக்குத் தேவை?

ஆபீஸ் வேலை, பிரவுசிங், நடுத்தர கேமிங் என்றால் நல்ல ஏர் கூலரே போதும். அதில் கசிய எதுவும் இல்லை. மணிக்கணக்கில் ரெண்டரிங், ஹை-எண்ட் ப்ராசஸர் என்றால் ஏஐஓ. கஸ்டம் லூப் என்பது நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்கான ஹாபி. வருடத்துக்கு ஒரு முறையாவது கூலண்ட்டை மாற்றி, லூப்பைக் கழுவ வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் ரேடியேட்டரில் படியும் தூசியை அடிக்கடி துடைச்சிடுங்க. தூசி அடைத்துவிட்டால் 360 மி.மீ. ரேடியேட்டரும் வேஸ்ட்தான்.