மோட்டாரின் பூர்வோத்தரம்

பழைய வீடு வாங்குகிறவர் என்ன செய்கிறார்? மூலபத்திரம் எங்கே என்று கேட்கிறார். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போய் 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். வக்கீலிடம் காட்டுகிறார். மாடு வாங்குகிறவரோ பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைக் கவனிக்கிறார், விஷயம் தெரிந்த நாலு பேரை அழைத்துக்கொண்டுதான் சந்தைக்கே போகிறார். ஆனால் 15 லட்சம் ரூபாய் கொடுத்து உயர்தரமான மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்குகிற கனவான் மட்டும், அதன் மூக்கின் மேல் மின்னுகிற சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிப் போய்விடுகிறார். ஜாதகம் பார்க்கும் எண்ணம் அவருக்குக் கல்யாணம் முடிந்த பிறகே வருகிறது!

இந்த மயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. புதிதில் 50 லட்சத்துக்கு விற்ற வண்டி, ஏழெட்டு வருஷங்களில் 15 லட்சத்துக்குக் கிடைத்துவிடுவதுண்டு. புதிய சாதாரண வண்டியின் விலைக்குப் பழைய ராஜபோகம் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை இராது? ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். வண்டியின் விலை குறைந்ததே தவிர, அதன் உதிரிப் பாகங்களின் விலை குறையவில்லை. 15 லட்சத்துக்கு வாங்கிய வண்டி, பழுது பார்க்கும் இடத்தில் 50 லட்சத்து வண்டியாகவே நடந்துகொள்ளும். அதன் பூர்வோத்தரத்தில் கோளாறு இருந்தால் குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் அது தின்று தீர்த்துவிடக்கூடும்.

சந்தேகம் பிறக்கும் வேளை

வண்டி வந்த முதல் வாரம் வீட்டில் உற்சவம். கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது, உறவினர்களுக்குக் காட்டியாகிவிட்டது. இரண்டாவது வாரம் ஒரு நாள் நல்ல மழை. ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தைத் திருப்பியதும், பின்னாலிருந்து வீட்டு அம்மாள், "இதென்ன, ஈரச் சாக்கு வாசனை அடிக்கிறதே?" என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியோடு ஐயாவுக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளிலிருந்து வண்டியில் எழும் ஒவ்வொரு சத்தமும் அவர் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது.

இப்படிப்பட்டவர்கள் இன்று நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: கவலைப்படுவதால் வண்டியின் சரித்திரம் மாறிவிடாது. ஆனால் அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. வாங்கிய பிறகும் உண்டு.

வெள்ளம் குடித்த வண்டி

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதியைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து, அடையாற்றின் கரையோரமெல்லாம் வெள்ளக் காடாயிற்று. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் போன்ற இடங்களில் வீடுகளே மூழ்கின என்றால், தரைக்கு அடியில் நிறுத்தியிருந்த மோட்டார்களைப் பற்றிக் கேட்கவேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதைதான். 2005 ஜூலை 26-ந் தேதி பம்பாய், 2018 ஆகஸ்டில் கேரளம் என்று இந்தப் பட்டியல் நீளும்.

அந்த வண்டிகளெல்லாம் பிறகு என்ன ஆயின? பழுது பார்க்கும் செலவு, இன்ஷியூரன்ஸ் பத்திரத்தில் குறித்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டுமானால், முழு நஷ்டமென்று கணக்கிட்டுக் கம்பெனி பணம் கொடுத்துவிடுவது வழக்கம். மிஞ்சிய வண்டி ஏலத்துக்குப் போகிறது. உதிரிப் பாகங்களுக்காக அதை உடைத்துவிட்டால் பாதகமில்லை. ஆனால் அதன் பதிவை ரத்து செய்யாமல் விட்டால், யாரோ ஒருவர் கழுவித் துடைத்து, ஆசனத்துக்குப் புதுத் தோல் போர்த்தி, வாசனை தெளித்து மறுபடியும் சந்தையில் நிறுத்திவிடுகிறார். நீர் புகுந்த ஊரில் விலை போகாத வண்டி, நீர் வராத ஊருக்குப் பிரயாணமாகிறது.

சாதாரண வண்டியைக் காட்டிலும் உயர்தர வண்டிக்கு வெள்ளம் பெரிய சத்துரு. அதற்குள் டஜன் கணக்கில் சிறு மின்சார மூளைகள் இருக்கின்றன. பல வண்டிகளில் இவற்றுள் சில ஆசனத்துக்கு அடியிலும், கம்பளத்துக்குக் கீழும், தரையை ஒட்டியே பொருத்தப்பட்டவை. விபத்தின்போது காற்றுப் பையை விரியச் செய்கிற மூளையும் பெரும்பாலும் அந்தத் தாழ்வான இடத்தில்தான் இருக்கிறது. நீர் வடிந்த பிறகும், இணைப்புகளிலுள்ள செம்பில் மெள்ள மெள்ளப் பச்சைக் களிம்பு ஏறுகிறது. ஆகவே நோய் உடனே தெரியாது. ஆறு மாதம் கழித்துக்கூடத் தலை காட்டும். இது பணத்தோடு போகிற சங்கதி அல்ல. குழந்தைகள் ஏறி உட்காருகிற வண்டியில், ஆபத்து வேளையில் காற்றுப் பை விரியுமா விரியாதா என்கிற கேள்வி இது.

பரிசோதனையோ மிக எளிது. ஆசனப் பட்டையைக் கடைசி வரையில் வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவியவரின் கை மேல்பாகத்தோடு நின்றிருக்கும். உள்ளே சுருண்ட பாகத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கலாம். ஆசனத்துக்கு அடியிலுள்ள திருகாணிகள் துருவேறியிருக்கின்றனவா? உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் தங்கியிருக்கிறதா? கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கித் தொட்டால் ஈரம் தட்டுகிறதா? இந்த இடங்களை எந்த வியாபாரியும் முழுவதும் சுத்தம் செய்வது கடினம்.

எண் சொல்லும் பொய்

அடுத்த சந்தேகம் ஓட்டக் கணக்கைப் பற்றியது. எட்டு வயதான வண்டி 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று காட்டினால் சந்தோஷப்படத்தான் தோன்றும். பழைய நாட்களில் அந்தக் கணக்கைப் பல் சக்கரங்கள் காட்டின. கைதேர்ந்தவர்கள் அவற்றைப் பின்னோக்கிச் சுழற்றினார்கள். இப்போது கணக்கு மின்சார ஞாபகத்தில் பதிகிறது. ஞாபகத்தையே மாற்றுகிற கருவிகளும் வந்துவிட்டன! ஆனால் பொய் சொல்கிறவன் எல்லாச் சாட்சிகளையும் கலைக்க முடியாதல்லவா? சில உயர்தர வண்டிகளில் ஓட்டக் கணக்கு வேறு மூளைகளிலும், சாவியிலுங்கூடப் பதிந்திருக்கும். கம்பெனியின் ஸர்வீஸ் நிலையத்துக்கு வண்டி போன ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். இப்போது நீங்கள்தான் சொந்தக்காரர், ஆர்.ஸி. புத்தகத்தைக் காட்டி, சாஸி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று உண்டு. 3519 என்றிருந்தால் அது 2019-ம் வருஷத்தின் 35-வது வாரத்தில் செய்த டயர். 28,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நாலு டயரும் ஏற்கனவே மாறியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். வயதானதற்காக மாற்றியிருக்கவும் கூடும். அதோடு பிரேக் மிதியின் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்குமானால், இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுக்கின்றன என்று கொள்ளலாம்.

அமெரிக்காவில் இந்தப் புரட்டைத் தடுக்க 1972-லேயே சட்டம் செய்தார்கள். 1984-ல் மிசௌரி மாகாணத்தில் ஆரம்பித்த கார்ஃபாக்ஸ் என்னும் ஸ்தாபனம் வண்டிகளின் சரித்திரத்தைத் திரட்டி விற்பதையே தொழிலாகக் கொண்டது. நம் நாட்டில் சர்க்காரின் 'வாஹன்' பதிவேடு உண்டு. வண்டி எத்தனையாவது சொந்தக்காரரிடம் இருக்கிறது, கடன் பாக்கி குறிப்பு உண்டா, இன்ஷியூரன்ஸ் எதுவரையில் என்பவற்றை அதிலிருந்து அறியலாம். அபராத பாக்கியையும் தனியே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளமும் விபத்தும் மட்டும் அதில் வாசிக்கக் கிடைப்பதில்லை.

காகிதங்கள் சொல்லும் கதை

அந்தக் குறையை ஓரளவு தீர்க்கக்கூடிய காகிதம் ஒன்று உண்டு. அதுதான் முந்தைய சொந்தக்காரரின் இன்ஷியூரன்ஸ் பத்திரம். நஷ்டஈடு கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும்; முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதம், ஐந்து வருஷம் ஆனால் 50 சதவிகிதம். நன்றாக ஏறிக்கொண்டு வந்த தள்ளுபடி 2016-ல் திடீரென்று சைபராகி, வண்டியும் சென்னை வண்டியாக இருந்தால், அந்தச் சைபர் ஒரு பெரிய கதையைச் சொல்கிறது. ஆனால் 50 சதவிகிதம் இருப்பதனால் மட்டும் வண்டி விபத்தே காணாதது என்று நம்பிவிடவும் கூடாது. கைப்பணம் கொடுத்துப் பழுது பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

வெளிமாநிலத்து வண்டியானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவு எண் வாங்கவேண்டும். வரி குறைவென்று புதுச்சேரியில் பதிந்த உயர்தர வண்டிகள் 2017-ல் கேரளத்தில் பெரிய சர்ச்சையைக் கிளப்பின. 2025 செப்டம்பரில் கொச்சியைச் சேர்ந்த சுங்க அதிகாரிகள், பூடானிலிருந்து வரி செலுத்தாமல் கொண்டுவந்து போலிக் காகிதங்களால் பதிவு செய்யப்பட்டவை என்று குற்றம் சாட்டிப் பல உயர்தர வண்டிகளைக் கைப்பற்றினார்கள். முழு விலையும் கொடுத்தவரின் வாசலிலிருந்துகூட வண்டி போய்விடலாம் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் மலிவான வண்டியெல்லாம் கெட்ட வண்டி என்று எண்ணுவதும் தவறு. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகள் டில்லியில் ஓடக்கூடாது என்ற உத்தரவைச் சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில்தான் அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தியது. இடையில், நன்றாகப் பராமரித்த வண்டிகள் பல, சட்டத்துக்குப் பயந்தே குறைந்த விலைக்கு டில்லியை விட்டு வெளியேறின. அந்த மலிவுக்குக் காரணம் சட்டம், வண்டியின் குற்றமல்ல.

இனி என்ன செய்வது?

முதலாவதாக, விற்றவருக்கு எந்தவிதச் சம்பந்தமும் இல்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டி, எழுத்து மூலமாக அறிக்கை வாங்குங்கள். வயதினால் வந்த கோளாறையும் பூர்வோத்தரத்தினால் வந்த கோளாறையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் தேய்வதும், காற்றுத் தாங்கிகள் இளைப்பதும் வயதின் லட்சணம். அதற்காக யாரையும் நோக முடியாது. களிம்பேறிய இணைப்பும், வெட்டி ஒட்டிய சட்டமும் வேறு விஷயம்.

இரண்டாவதாக, விளம்பரம், ரசீது, விற்றவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, டெலிபோன் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், வெறுமனே பேசாமலிருப்பதைப் பொதுவாக மோசடியாகக் கருதுவதில்லை. ஆனால், "வெள்ளத்தில் அகப்பட்டதா?" என்று நீங்கள் கேட்டு, உண்மை தெரிந்தும் "இல்லவே இல்லை" என்று அவர் பதில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி லட்சக்கணக்கில் மதிப்புள்ளது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம்; இரண்டு வருஷ கெடுவை மறக்கவேண்டாம். தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் ஸிவில் கோர்ட்டுதான் வழி. ஆனால் முதலில் ஒரு மரியாதையான கடிதம் எழுதுங்கள். சில சமயம் அதுவே போதுமானதாகிவிடும்.

இவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லையென்றால்? அப்போது சந்தேகத்தை விட்டுவிடுவதும் ஒரு கடமையே. வருஷந்தோறும் பழுதுச் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, வண்டியில் நிம்மதியாக ஏறி உட்காருங்கள்.

இன்று வாங்கியவர் நாளைக்கு விற்கப் போகிறவர். அன்றைக்கு ஸர்வீஸ் ரசீதுகளையும் மெக்கானிக்கின் அறிக்கையையும் ஒரு கட்டாகக் கட்டி, குறை உட்பட எல்லாவற்றையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். ஆனால் மழை நாளில் இன்னொரு வீட்டு அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அவர்கள் வாயில் உங்கள் பெயர் அகப்படாது.