தர்மச் சோறும் தர்ம அடியும்

ராமேசுவரம் போகிற பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவரே கடிதமாக எழுதியிருக்கிறார். எந்தச் சாதியார் வந்தாலும் சோறு உண்டு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம் உண்டு. நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாதவர்கள் அந்தச் சத்தம் கேட்டுச் சாப்பிட வரலாம். வாய்விட்டுக் கேட்காதவரையும் கூப்பிட்டுப் போட்ட அந்தச் சோற்றுக்குத்தான் தர்மம் என்று பெயர்.

காசு வாங்கக் கூடாது, ஆள் பார்க்கக் கூடாது. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் இலக்கணம். கட்டணமில்லாத கோயில் வரிசையைத் தர்ம தரிசனம் என்கிறோமே, அதுவும் இந்த வழி வந்ததுதான்.

இன்று அந்தச் சொல் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது அடியோடு. 'செயின் பறித்த வாலிபருக்குத் தர்ம அடி' என்பது நாளிதழில் வாடிக்கைத் தலைப்பு. பறிகொடுத்தவர் ஒருவர், அடிப்பவர்களோ போகிறவர், வருகிறவர் எல்லோரும். பஸ்ஸுக்கு நின்றவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து இரண்டு போடுகிறார், என்ன நடந்தது என்றுகூட விசாரிக்காமல். ஆளாளுக்கு இலவசமாகப் போடுவதால் இந்தப் பெயர் என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் அடி என்று எழுதினால் அது குற்றம் என்பது பட்டென்று தெரியும். முன்னால் தர்மம் நின்றதும் அடித்தவருக்குப் புண்ணியக் கணக்கு ஏறிவிடுகிறது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் கோயிலுக்குப் போன குடும்பத்தில், மூதாட்டி ஒருவர் வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். கையில் இருந்ததை முகம் தெரியாத பிள்ளைக்குக் கொடுத்தது அவர்தான். பழைய கணக்கில் அங்கே தர்மம் செய்தவர் அவர் ஒருவரே.

அந்த ஆண்டு ஜூலையில், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்திரிகைத் தலைப்பை மாற்ற உத்தரவு எதற்கு? 'கும்பல் தாக்கியது' என்று நாளைக் காலையே அச்சடிக்கலாம்.

அடிபட்டவரைக் கடைசியில் கொண்டுபோவது அரசு மருத்துவமனைக்கு. பெரியவர்கள் வாயில் அது இன்னமும் தர்மாஸ்பத்திரி. திருடனா இல்லையா என்பது போலீஸ் பாடு. அங்கே முதலில் தையல் போடுகிறார்கள்.